காற்று தண்ணீர் குடித்தால் என்ன நடக்கும்?



இந்த இதழில் ஒரு சின்ன விஞ்ஞானப் பாடம். விஞ்ஞானம் என்றதும் பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். பெக்டரியில் வேலை செய்பவர்களுக்கும், லயக் காம்பிராவில் குழந்தை வளர்ப்பவர்களுக்கும் நாளாந்தம் வேண்டிய விஷயம் இது. இதைத் தெரியாமல் ஒரு தம்பியின் வேலை போகப் பார்த்தது. முதலில் அந்தக் கதையைச் சொல்லி விடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு ஊவாப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் நான் நலன்புரி உத்தியோகத்தராக இருந்தேன். ஆகஸ்ட் மாதம். கச்சான் காற்று அடிக்கும் காலம். ஒருநாள் காலையில் பெக்டரியில் இராவேலை செய்யும் தம்பி ஒருவர் கையில் கடிதத்தோடு என் அறை வாசலில் வந்து நின்றார். ரோலிங் அறையில் பனிப்புகை போலத் தண்ணீர் தெளிக்கும் மெசினை, அதுதான் ஹியூமிடிபயரை, பார்த்துக் கொள்வது அவர் வேலை. முதல் நாள் இரவு அவர் மெசினை நிறுத்தி விட்டாராம். விடியும்போது மேசையில் பரப்பிக் கிடந்த தூள் மேலெல்லாம் காய்ந்து கறுத்துப் போயிருந்ததாம். “வேலையில் கவனக்குறைவு, விளக்கம் கொடு” என்று கடிதம்.

“ஏன் தம்பி நிறுத்தினீங்க?” என்று கேட்டேன்.

“ஐயா, சுவத்துல இருக்கிற ரெண்டு கண்ணாடிக் குழாயும் ஒரே நம்பரைக் காட்டினா காத்து நெறைஞ்சிருச்சுன்னு அர்த்தம், மெசினை நிப்பாட்டுன்னு சொல்லித் தந்திருக்காங்க. ராத்திரி ரெண்டும் இருபத்திமூணுதான் காட்டிச்சு. நிப்பாட்டினேன். அவ்வளவுதான்யா.”

உண்மையைச் சொல்கிறேன், நானும் முதலில் அவரை நம்பவில்லை. தூங்கிப் போயிருப்பார், இப்போது கதை சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். கச்சான் அடிக்கிற இரவில் காற்று எப்படி ஈரத்தால் நிறையும்? ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை. அவரைப் பிழை சொன்னவர்கள் சொன்னதும் பொய்யில்லை. இது எப்படி என்று விளங்க வேண்டுமானால் காற்றும் தண்ணீரும் எப்படிச் சேருகின்றன என்று பார்க்க வேண்டும்.

1. காற்றுக்குள் தண்ணீர் இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியாது. குளிர்ப் பெட்டியிலிருந்து எடுத்த சோடாப் போத்தலை மேசையில் வைத்தால் சற்று நேரத்தில் வெளிப்பக்கம் வியர்க்கும். போத்தல் ஒழுகவில்லை. சுற்றியிருந்த காற்றில் ஆவியாக இருந்த தண்ணீர்தான் குளிர்ந்த கண்ணாடியில் பட்டுத் துளியாகிறது. காலையில் மலையில் படியும் வெள்ளை மூடுபனியைப் பார்த்து “ஆவி” என்கிறோம். அது ஆவியல்ல, மிகச் சிறிய தண்ணீர்த் துளிகள். உண்மையான நீராவியைக் கண்ணால் காண முடியாது.

காற்று எவ்வளவு தண்ணீரை ஆவியாக வைத்துக் கொள்ளும்? அது சூட்டைப் பொறுத்தது. மூன்றேகால் அடி நீளம், மூன்றேகால் அடி அகலம், மூன்றேகால் அடி உயரம் உள்ள ஒரு பெட்டியை நினைத்துக் கொள்ளுங்கள். அதுதான் ஏறக்குறைய ஒரு கன மீற்றர். அந்தப் பெட்டி அளவு இடத்தில்,

10 பாகை செல்சியஸில் சுமார் 9 கிராம்,
20 பாகையில் சுமார் 17 கிராம்,
30 பாகையில் சுமார் 30 கிராம்

ஆவி இருக்கலாம். அதற்கு மேல் போனால் துளியாகி விடும். சூடு பத்துப் பாகை கூடினால் கொள்ளும் அளவு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று ஞாபகம் வைத்துக் கொண்டால் போதும்.

கொள்ளக்கூடிய அளவில் இப்போது எத்தனை வீதம் இருக்கிறது என்பதைத்தான் பாடப் புத்தகத்தில் சாரீரப்பதன் என்று எழுதியிருப்பார்கள். 20 பாகைக் காற்று 17 கிராம் கொள்ளும். அதில் எட்டரைக் கிராம் இருந்தால் சாரீரப்பதன் நூற்றுக்கு 50. அதே காற்றை, ஒரு துளி தண்ணீரும் கூட்டாமல் குறைக்காமல், 30 பாகைக்குச் சூடாக்கினால் அது நூற்றுக்கு 30க்கும் கீழே இறங்கி விடும். தண்ணீர் குறையவில்லை, கொள்ளும் பாத்திரம்தான் பெரிதாகி விட்டது. வாட்டு மேடையில் மழைக் காலத்தில் சூடான காற்றைக் கலந்து விடுவது இதற்காகத்தான்.

2. ஆவியாவதற்குச் சூடு எங்கிருந்து வருகிறது?

பீலியில் குளித்து விட்டுத் துவட்டாமல் காற்றில் நின்றால் உடம்பு நடுங்குகிறது. ஊசி போடுமுன் டிஸ்பென்சரியில் ஸ்பிரிட் பூசினால் அந்த இடம் சில்லிடுகிறது. ஏன்? தண்ணீரோ ஸ்பிரிட்டோ ஆவியாகப் போவதற்குச் சூடு வேண்டும். அந்தச் சூட்டை அது நம் தோலிலிருந்து எடுத்துக் கொள்கிறது.

எவ்வளவு சூடு? ஒரு கிராம் தண்ணீர், நாம் இருக்கும் சாதாரண சூட்டில் ஆவியாவதற்கு சுமார் 585 கலோரி வேண்டும். அதே ஒரு கிராம் தண்ணீரை 20 பாகையிலிருந்து கொதிநிலை வரை, அதாவது 100 பாகை வரை, சூடாக்க 80 கலோரி போதும். கேத்தல் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் செலவைப் போல ஏழு மடங்குக்கு மேல் செலவு, அதை ஆவியாக்குவதற்கு. அதனால்தான் கேத்தல் சீக்கிரம் கொதித்தாலும் தண்ணீர் முழுவதும் வற்றிப் போக அவ்வளவு நேரம் எடுக்கிறது.

இந்தச் சூடு எங்கும் தொலைந்து போவதில்லை. ஆவிக்குள் ஒளிந்து இருக்கிறது. வெப்பமானியில் காட்டாது. ஆகையால் இதற்கு மறைவெப்பம் என்று பெயர். ஒரு மடியில் இருந்த காசை எடுத்து மறு மடியில் முடிந்து வைப்பது போல என்று நினைத்துக் கொள்ளுங்கள். காசு குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. ஆவி மறுபடி துளியாகும்போது அந்தக் காசு திரும்பி வெளியே வந்து விடும்.

3. காற்றில் தண்ணீர் தெளித்தால்

இப்போது பாடத்தின் நடு இடத்துக்கு வந்து விட்டோம். ஒரு அறைக்குள் பனி போலத் தண்ணீர் தெளிக்கிறோம். துளிகள் ஆவியாக வேண்டும். அதற்குச் சூடு வேண்டும். அடுப்பு இல்லை. ஆகவே அந்த அறையில் உள்ள காற்றிடமிருந்தே எடுத்துக் கொள்கின்றன. முடிவு இரண்டு:

காற்றின் ஈரம் கூடுகிறது.
காற்றின் சூடு குறைகிறது.

ஒன்று நடந்தால் மற்றதும் நடக்கும். ஒரு கன மீற்றர் காற்றில் ஒரு கிராம் தண்ணீர் ஆவியானால் அந்தக் காற்று சுமார் 2 பாகை குளிரும். மலைநாட்டில் காற்று சற்று இலேசு என்பதால் 2 பாகைக்குக் கொஞ்சம் மேல்.

பலர் நினைப்பது, தெளிக்கிற தண்ணீர் குளிராக இருப்பதால்தான் அறை குளிர்கிறது என்று. அது மிகச் சிறிய பங்குதான். 15 பாகைத் தண்ணீர் ஒரு கிராம் 25 பாகைக்கு வருவதற்கு 10 கலோரிதான் எடுக்கும். ஆவியானால் 585 எடுக்கும். ஆகவே துளி ஆவியாவதுதான் வேலை செய்கிறது. ஆவியாகாமல் நிலத்தில் விழும் தண்ணீர் சறுக்கி விழ வைக்குமே தவிர குளிர வைக்காது.

அடுத்த கேள்வி, எவ்வளவு தூரம் குளிரும்? தெளித்துக் கொண்டே இருந்தால் குளிர்ந்து கொண்டே போகுமா? போகாது. காற்று நிறைந்ததும் துளிகள் ஆவியாக மாட்டா, குளிர்ச்சியும் அத்தோடு நின்று விடும். நம் மலைநாட்டில் 26 பாகைச் சூடும் நூற்றுக்கு 60 ஈரமும் உள்ள காற்றை எடுத்துக் கொண்டால், தண்ணீர் தெளித்து நிறைத்ததும் அது சுமார் 20 பாகைக்கு வரும். அதற்குக் கீழே அந்த மெசினால் கொண்டு போக முடியாது. மழைக் காலத்தில் காற்று முன்பே நிறைந்திருந்தால் மெசினை இரவு முழுக்க ஓட்டினாலும் அரைப் பாகை கூடக் குறையாது. மேசை நனையும், அவ்வளவுதான்.

மண்பானைத் தண்ணீரைப் பார்த்தாலும் இது தெரியும். வதுளைப் பக்கத்தில் கச்சான் காலத்தில் பானைத் தண்ணீர் பல்லைக் கூசும். அதே பானை மஸ்கெலியாவில் ஜூன் மாத மழைக்குள் சும்மா கிடக்கும். பானை ஒன்றுதான். காற்றுத்தான் வேறு.

கச்சான் ஏன் இவ்வளவு உலர்ந்திருக்கிறது என்றும் இதே கணக்கில் விளங்கும். தென்மேல் பருவக்காற்று கடலில் இருந்து ஈரத்தோடு வந்து மேற்கு மலைகளில் ஏறுகிறது. ஏறும்போது குளிர்ந்து அட்டன், மஸ்கெலியாப் பக்கம் மழையாகக் கொட்டி விடுகிறது. ஆவி துளியாகும்போது மறைந்திருந்த சூடு காற்றிடமே திரும்பி வருகிறது. தண்ணீரை இழந்து, சூட்டைத் திரும்பப் பெற்ற அந்தக் காற்று மலை தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது இன்னும் சூடாகி உலர்ந்து விடுகிறது. அந்த உலர்ந்த காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு அந்தப் பேர் பெற்ற வாசம் வருகிறது.

4. தண்ணீருக்குப் பதில் நீராவி விட்டால்

இங்கே பலர் பிழை விடுவார்கள். கேத்தலைக் கொதிக்க வைத்து ஆவியை அறைக்குள் விட்டாலும் காற்றின் ஈரம் கூடும். ஆனால் காற்று குளிராது. ஏனென்றால் அந்தத் தண்ணீர் ஆவியாவதற்கான சூட்டை விறகு முன்பே கொடுத்து விட்டது. காற்றிடம் கடன் கேட்கத் தேவையில்லை. காற்றின் சூடு ஏறக்குறைய அப்படியே இருக்கும், மயிரிழை கூடும். அடுப்பின் சூடும் சேர்ந்தால் அறை இன்னும் சுடும்.

ஆகவே “ஈரப்படுத்தினால் காற்று குளிரும்” என்று மொட்டையாகச் சொல்லக் கூடாது. ஆவியாக்கும் சூட்டை யார் கொடுத்தது என்று கேட்க வேண்டும். காற்று கொடுத்தால் காற்று குளிரும். விறகு கொடுத்தால் காற்று குளிராது. உடம்பு கொடுத்தால் உடம்பு குளிரும். இந்த ஒரு வரியை மறக்காவிட்டால் இந்தப் பாடம் முழுவதும் உங்கள் கையில்.

5. சுவரில் உள்ள இரண்டு குழாய்கள்

ரோலிங் அறைச் சுவரில் ஒரு பலகையில் இரண்டு வெப்பமானிகள் இருக்கும். ஒன்று சும்மா இருக்கும். அது உலர்குமிழ். மற்றதன் குமிழில் வெள்ளைத் திரித்துணி சுற்றி, அதன் நுனி ஒரு சின்னக் கிண்ணத்துத் தண்ணீரில் கிடக்கும். அது ஈரக்குமிழ்.

திரியில் உள்ள தண்ணீர் ஆவியாகிறது. அதற்கான சூட்டைக் குமிழிடம் எடுக்கிறது. ஆகவே ஈரக்குமிழ் குறைவாகக் காட்டும். காற்று உலர்ந்திருந்தால் நிறைய ஆவியாகும், வித்தியாசம் பெரிதாக இருக்கும். காற்று நிறைந்திருந்தால் ஆவியாகாது, இரண்டும் ஒரே அளவு காட்டும். மலைநாட்டுக் கணக்கில், உலர்குமிழ் 24 காட்டும்போது,

ஈரக்குமிழும் 24 என்றால் ஈரம் நூற்றுக்கு 100,
ஈரக்குமிழ் 22 என்றால் சுமார் 85,
ஈரக்குமிழ் 20 என்றால் சுமார் 70.

இன்னொரு பயனும் இருக்கிறது. அறையில் தண்ணீர் தெளித்தால் எந்தச் சூடு வரை குளிரும் என்பதை ஈரக்குமிழ் முன்கூட்டியே சொல்லி விடுகிறது. மெசின் அந்த அறைக்குச் செய்வதைத் திரி அந்தக் குமிழுக்குச் செய்து காட்டுகிறது.

இப்போது அந்தத் தம்பியின் கதைக்கு வருவோம். இரண்டும் 23 காட்டியது என்றார். உங்களில் சிலர் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். நான் கண்டுபிடிக்க ஒருநாள் ஆயிற்று. இரவு படுத்துக் கிடந்து பள்ளிக்கூடத்தில் படித்ததை நினைத்துப் பார்த்தேன். மறுநாள் டீமேக்கர் ஐயாவையும் தோட்டத் தலைவரையும் கூட்டிக் கொண்டு ரோலிங் அறைக்குப் போனேன். கிண்ணத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. திரி காய்ந்து, தேயிலைத் தூசி படிந்து, கட்டையாக இருந்தது. திரியில் ஈரம் இல்லாவிட்டால் அது ஈரக்குமிழ் அல்ல, இரண்டாவது உலர்குமிழ். இரண்டும் ஒன்றையே காட்டாமல் வேறு என்ன செய்யும்?

நாங்கள் போன நேரம் இரண்டும் 25 காட்டின. புதுத் திரி சுற்றி, கிண்ணத்தில் சுத்தமான தண்ணீர் ஊற்றி, விசிறிக் காற்றுப் படும்படி வைத்துக் காத்திருந்தோம். ஒரு குழாய் 25இல் நின்றது. மற்றது மெதுவாக இறங்கி 20க்கு வந்து நின்றது. ஐந்து பாகை வித்தியாசம். காற்றில் ஈரம் நூற்றுக்கு 65 அளவுதான். டீமேக்கர் ஐயா ஒன்றும் பேசவில்லை. தலைவர் என் முகத்தைப் பார்த்தார். தம்பி மட்டும், “நான் பொய் சொல்லலையே ஐயா” என்றார்.

கடிதத்தைத் திரும்பப் பெற்றுக் கொண்டார்கள். ஆனால் விசாரித்ததில் ஒன்று தெரிந்தது. கிண்ணத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது யார் வேலை என்று யாருக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை. மெசினுக்கு ஒரு ஆள், மேசைக்கு ஒரு ஆள், திரிக்கு ஆள் இல்லை. குழாயைப் படிக்கச் சொல்லிக் கொடுத்தவர்கள் அது ஏன் அப்படிக் காட்டுகிறது என்று சொல்லிக் கொடுக்கவில்லை. காரணம் தெரிந்திருந்தால், கச்சான் அடிக்கிற இரவில் இரண்டும் ஒன்றாக இருக்க வழியில்லையே என்று அந்தத் தம்பியே திரியைத் தொட்டுப் பார்த்திருப்பார்.

6. பெக்டரியில் கவனிக்க வேண்டியவை

தூள் மேசையில் கிடக்கும்போது கொழுந்தின் சாறு காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து நிறமும் வாசமும் மாறுகிறது. இதை நொதித்தல் என்கிறோம். அப்போது தூளே சூட்டை வெளிவிடும். அறை உலர்ந்திருந்தால் தூளின் மேல்பக்கம் காய்ந்து கறுத்து விடும். ஆகவே காற்று ஈரமாகவும் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். தெளிக்கும் மெசின் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்கிறது. பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு, இரு குழாய்களின் வித்தியாசம் 2 பாகைக்கு மேல் போக விடக் கூடாது, குறையக் குறைய நல்லது என்பதே.

வாட்டு மேடையில் கதை தலைகீழ். அங்கே கொழுந்தில் உள்ள தண்ணீர் போக வேண்டும். பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். நூறு கிலோ கொழுந்து கடைசியில் 21, 22 கிலோத் தேயிலையாக வருகிறது என்றால் மீதி எல்லாம் காற்றோடு போய் விட்டது என்று அர்த்தம். ஆகவே அங்கே வித்தியாசம் நன்றாக இருக்க வேண்டும். கொழுந்துக்கு அடியில் நுழையும் காற்றை விட, கொழுந்தைத் தாண்டி மேலே வரும் காற்று குளிராக இருப்பதைக் கையை வைத்துப் பார்த்திருப்பீர்கள். இலையின் தண்ணீரைக் குடித்து ஈரமான காற்று அது.

இவற்றை மறக்க வேண்டாம்:

- வேலை தொடங்குமுன் கிண்ணத்தில் தண்ணீரும் திரியில் ஈரமும் இருக்கிறதா என்று பாருங்கள். கொதித்து ஆறிய தண்ணீரோ சுத்தமான மழைத் தண்ணீரோ நல்லது. திரி அழுக்கானால் மாற்றச் சொல்லுங்கள்.
- உலர்ந்த நாளில் இரண்டு குழாயும் ஒன்றாகக் காட்டினால் சந்தேகப்படுங்கள். முதலில் திரியைத் தொட்டுப் பாருங்கள்.
- மழை நாளில் இரண்டும் ஒன்றாகக் காட்டினால் மெசின் உதவாது. அப்போது தூளைக் குளிர வைக்க மெல்லிதாகப் பரப்புவதுதான் வழி.
- மெசின் தொட்டியைக் கழுவாமல் விட்டால் அதில் வளரும் அழுக்கும் கிருமியும் பனியோடு பறந்து உங்கள் நெஞ்சுக்குள் போகும். தொட்டி கழுவுவதும் உங்கள் சுகத்துக்கான வேலைதான்.
- ஈரமான சூட்டில் வியர்வை காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர வைக்காது. டிரையர் பக்கம் வேலை செய்பவர்கள் அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும். தலைசுற்றல், வாந்தி வந்தால் உடனே காற்றோட்டமான இடத்துக்கு வர வேண்டும்.

7. காம்பிராவுக்குள் ஈரத் துணி

இப்போது வீட்டுக்கு வருவோம். மழைக் காலத்தில் துணி காயாது. இஸ்தோப்பில் போட்டாலும் சாரல் அடிக்கும். ஆகவே காம்பிராவுக்குள் கொடி கட்டி, கம்பளியும் பிள்ளைகளின் உடுப்பும் போட்டு, குளிருக்குக் கதவையும் ஜன்னலையும் சாத்தி விட்டுப் படுக்கிறோம். எல்லா லயத்திலும் பார்க்கிறேன். பிள்ளை மடுவத்தில் காலையில் கேட்கும் இருமலையும் கேட்கிறேன்.

ஒரு கணக்குப் போடுவோம். 12 அடி நீளம், 10 அடி அகலம், 8 அடி உயரமான காம்பிரா ஏறக்குறைய 27 கன மீற்றர். இரவில் உள்ளே 15 பாகை என்று வைப்போம். அந்தக் காற்று மொத்தமாகக் கொள்ளக்கூடியது 350 கிராம் அளவு ஆவி. மழை இரவில் அதில் நூற்றுக்கு 80 முன்பே இருக்கும். மீதி இடம் 70 கிராம்தான். அதாவது ஒரு சின்னத் தேத்தண்ணிக் கோப்பை அளவு. கொடியில் தொங்கும் துணியில் இரண்டு லீற்றர் தண்ணீர் இருந்தால் அது 2000 கிராம். எங்கே போகும்? பாதித் துணி காயாமல் நாறும். மீதித் தண்ணீர் குளிர்ந்த தகரத்திலும் சுவரிலும் துளியாகும். கூரை ஒழுகுகிறது என்று நினைப்போம், சில நேரம் அது நம் துணியிலிருந்து போன தண்ணீர்தான். சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும். அந்த ஈரமும் பூஞ்சணமும் பிள்ளைகளின் இருமலையும் இழுப்பையும் கூட்டும்.

அது மட்டுமல்ல. அந்தத் துணி காய்வதற்கான சூட்டை யார் கொடுக்கிறார்? அடுப்பு அணைந்த பிறகு காம்பிராக் காற்றுத்தான் கொடுக்கிறது. நடுங்கும் இரவில், பிள்ளை படுத்திருக்கும் அறையின் சூட்டையே ஈரத் துணி குடித்து விடுகிறது. ஈரமான உடுப்போடு பிள்ளை தூங்கினால் அந்தச் சூட்டைப் பிள்ளையின் உடம்பு கொடுக்க வேண்டும்.

என்ன செய்யலாம்? பெரிய செலவில்லாத வழிகள் இருக்கின்றன.

- துணியை உள்ளே கொண்டு வருமுன் இரண்டு பேர் பிடித்து நன்றாக முறுக்கிப் பிழியுங்கள். பிழிந்து போகும் தண்ணீருக்குச் சூட்டுச் செலவு இல்லை.
- படுக்கும் காம்பிராவில் காய வைக்காதீர்கள். இஸ்தோப்பில் சாரல் படாத பக்கம் கொடி கட்டுங்கள்.
- உள்ளேதான் காய வைக்க வேண்டும் என்றால், பகலில் அடுப்பு எரியும் நேரம் ஜன்னலைத் திறந்து வைத்துக் காய வையுங்கள். ஈரமும் புகையும் வெளியே போக வழி வேண்டும்.
- மழை விட்டதும் அரை மணி நேரமாவது கதவையும் ஜன்னலையும் திறந்து விடுங்கள்.
- நனைந்து வந்த பிள்ளையின் உடுப்பை முதலில் மாற்றுங்கள். தேத்தண்ணி பிறகு.
- பிள்ளை வேகமாக மூச்சு வாங்கினால், நெஞ்சு உள்ளே இழுத்தால், காலை வரை பார்த்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

8. செய்து பாருங்கள்

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் விஞ்ஞான ஆசிரியரிடம் கேட்டு இரண்டு வெப்பமானிகளை ஒரே மேசையில் வையுங்கள். ஒன்றின் குமிழில் நனைத்த வெள்ளைத் துணி சுற்றுங்கள். விசிறி விட்டு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுதுங்கள். மழை நாளிலும் வெயில் நாளிலும் செய்து ஒப்பிட்டுப் பாருங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியை இதற்குப் பாவிக்க வேண்டாம். அது தானாக இறங்காது.

பெரியவர்கள் வீட்டிலேயே செய்யலாம். ஒரே அளவான இரண்டு போத்தல்களில் ஒரே தண்ணீரை ஊற்றுங்கள். ஒன்றுக்கு ஈரத் துணி சுற்றி, இரண்டையும் நிழலில் காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்துக் குடித்துப் பாருங்கள்.

9. கேள்விகள்

அ. உலர்ந்த நாளில் அறையில் பனி போலத் தண்ணீர் தெளித்தால் காற்றின் சூட்டுக்கும் ஈரத்துக்கும் என்ன நடக்கும்?
ஆ. அதே அறையில் கொதிக்கும் கேத்தலின் ஆவியை விட்டால்?
இ. இரண்டு குழாயும் ஒரே அளவு காட்டுகின்றன. இதற்கு இருக்கக்கூடிய இரண்டு காரணங்கள் எவை?

விடைகள்: அ. சூடு குறையும், ஈரம் கூடும். ஆ. ஈரம் கூடும், சூடு ஏறக்குறைய மாறாது. இ. காற்று ஈரத்தால் நிறைந்திருக்கலாம், அல்லது திரி காய்ந்திருக்கலாம்.

மூன்றாவது கேள்விக்கு இரண்டு விடையும் சொன்னவர்கள், அன்று அந்தத் தம்பிக்குக் கடிதம் கொடுத்தவர்களை விடவும், அவரை நம்பாமல் இருந்த என்னை விடவும் கெட்டிக்காரர்கள். அந்தத் தம்பி அதன் பிறகு ஒவ்வொரு இரவும் வேலைக்கு வந்ததும் முதலில் கிண்ணத்துக்குத் தண்ணீர் ஊற்றுவார். புதிதாக வேலைக்கு வந்த பையன்களுக்கும் அவரேதான் சொல்லிக் கொடுத்தார். “நம்பரைப் பார்க்க முந்தித் திரியைத் தொட்டுப் பாரு” என்பதுதான் அவருடைய முதல் பாடம்.

உங்கள் தோட்டத்திலும் அந்தத் திரியை யார் கவனிக்கிறார்கள் என்று நாளைக்கே கேட்டுப் பாருங்கள்.